கல் கன்றும் வைக்கோல் கன்றும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஞாயிறு வகுப்புக் குழந்தைகள் முப்பது பேரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கண்ணன் கோவர்த்தன மலையைத் தாங்கி நிற்கும் புடைப்புச் சிற்பத்தின் முன் அவர்களை அமர வைத்து, இந்திரனின் செருக்கு அடங்கிய கதையைச் சொன்னேன். கதை முடிந்ததும், "யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்டேன்.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். கண்ணனைப் பற்றியோ மலையைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. சிற்பத்தின் ஒரு பக்கத்தைச் சுட்டிக்காட்டி, "சுவாமிஜி, அந்த மாமா எல்லாப் பாலையும் கறந்துட்டா, கன்னுக்குட்டிக்கு மிச்சம் இருக்குமா?" என்றாள்.

மற்றக் குழந்தைகள் சிரித்தனர். நானும் சிரித்தேன். "இருக்கும் அம்மா, கண்ணன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த சிற்பத்தை நோக்கி அவர்களை நடத்திச் சென்றேன்.

அது பதில் அல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். அந்தக் கேள்வியை ஏன் அவ்வளவு அவசரமாகக் கடந்து சென்றேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சிற்பத்தின் முன் சற்று நேரம் நிற்போம்.

மலையின் கீழ் ஒரு மாட்டுக் கொட்டில்

பல்லவர் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், பாறையின் முகத்திலேயே செதுக்கப்பட்ட சிற்பம் அது. முன்பு திறந்த வெளியில் இருந்தது. இன்று நாம் காணும் தூண் மண்டபம் விஜயநகர ஆட்சிக் காலத்தில் அதன்முன் எழுப்பப்பட்டது. கண்ணன் ஒரு கையை உயர்த்தி மலையைத் தாங்குகிறான். பலராமன் ஓர் ஆயனின் தோளில் கைபோட்டு, 'அஞ்சாதே' என்பதுபோல் நிற்கிறான். சுற்றிலும் ஆயர்பாடியே திரண்டிருக்கிறது. குழந்தையைத் தோளில் ஏற்றிய ஆயன், தலைச்சுமையோடு வரும் ஆய்ச்சி, குழல் ஊதுபவன், கூடி நிற்கும் மாடுகள். இவர்களுக்கிடையே ஒருவன் அமர்ந்து பால் கறக்கிறான். அந்தப் பசுவோ தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது.

வெளியே ஏழு நாள் பெருமழை. தலைக்கு மேலே ஒரு மலை. அந்த நேரத்தில் பால் கறப்பார்களா என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சிற்பி மாடுகளை நன்கு அறிந்தவன். அஞ்சி நடுங்கும் பசு பாலை இறக்காது, மடியிலேயே அடக்கிக்கொள்ளும். மாடு வளர்த்த எவரும் இதைச் சொல்வர். எனவே, 'இறைவனின் நிழலில் பயமில்லை' என்ற உண்மையைக் கல்லில் காட்ட வேண்டியபோது, அவன் பால் சுரக்கும் பசுவைச் செதுக்கினான். அபயம் என்பதற்கு அவன் தந்த சான்று அது.

பாகவதம் கூறுவதும் இதுதான். மலையைத் தூக்கிய கண்ணன் மனிதர்களை மட்டும் உள்ளே அழைக்கவில்லை; மாடுகளையும் உடன் அழைத்து வரச் சொன்னான். மழை ஓய்ந்த பின் சுரபி என்னும் தெய்வப் பசு தன் பாலால் அவனுக்கு அபிஷேகம் செய்தது. 'கோவிந்தன்' என்ற திருநாமம் அப்போதுதான் அவனுக்குச் சூட்டப்பட்டது. நாம் நாள்தோறும் நாவால் உச்சரிக்கும் அந்தப் பெயரில் ஒரு மாட்டுக் கொட்டிலின் மணம் கலந்திருக்கிறது.

சிற்பி இன்னொன்றையும் அறிந்திருந்தான். நம் நாட்டுப் பசு பொதுவாகக் கன்று அருகில் இருந்தால்தான் பாலைச் சுரக்கும். முதலில் கன்றை ஊட்டவிட்டு, பிறகு கறப்பதே வழக்கம். நாம் அருந்தும் ஒவ்வொரு துளியும் முதலில் ஒரு கன்றுக்காகச் சுரந்தது. அதனால்தான் அவன் கறப்பவனை மட்டும் செதுக்கிவிட்டு உளியைக் கீழே வைக்கவில்லை. தாயின் நாக்கு எட்டும் இடத்தில் கன்றையும் வைத்தான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கன்றை அங்கிருந்து எவராலும் விரட்ட முடியவில்லை.

வைக்கோல் கன்று

மனிதன் கையால் செய்த இன்னொரு கன்றும் உண்டு. கிராமத்தில் பிறந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். கன்று இறந்துபோனால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். அப்போது இறந்த கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்து, கறக்கும் நேரத்தில் தாயின் முன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பசு அதை முகர்ந்து பார்க்கும். தன் கன்றின் மணம் அதில் இருக்கும். அது அந்த வைக்கோல் பொதியை நக்கத் தொடங்கும், பால் இறங்கும்.

அதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அந்தப் பாலை விற்றுத்தான் அன்றைய அரிசி வாங்க வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள். அவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு உருவங்களையும் மனக்கண்ணில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் கைத்திறன்தான். இரண்டின் முன்னும் ஒரு தாய் நின்று நக்குகிறது. ஒன்று கன்றின் பங்கை நமக்கு நினைவூட்டச் செய்யப்பட்டது. மற்றொன்று, கன்று இல்லை என்பதைத் தாய்க்கு மறைக்கச் செய்யப்பட்டது.

நகரத்தில் வாழும் நமக்கு இந்த வைக்கோல் கன்றோடு தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். காலையில் வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பலவற்றின் மேல் பச்சைப் புல்வெளியும், அதில் மணி கட்டிய, புன்னகை பூத்த ஒரு பசுவும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் படத்தில் கன்றைத் தேடிப் பாருங்கள். எங்கேனும் கண்டால் அது அரிது. முன்பு பசுவைத் தேற்ற ஓர் உருவம் செய்தார்கள். இன்று குடிப்பவனைத் தேற்ற ஓர் உருவம் செய்கிறார்கள். அதை முகர்ந்து பார்த்து நாமும் அமைதி அடைகிறோம்.

நான் சாத்திய சன்னல்

இப்போது என் கதையைச் சொல்கிறேன். துறவு வாழ்வின் தொடக்க ஆண்டுகளில், நான் இருந்த ஓர் ஆசிரமத்தில் மாட்டுக் கொட்டிலைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பூஜைக்கும் விடுதி மாணவர்களுக்கும் பால் வேண்டும். ஏழு பசுக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று காளங்கன்று ஈன்றது. உழுவதற்கு ஆசிரமத்தில் நிலம் இல்லை. தீவனச் செலவோ ஏறிக்கொண்டிருந்தது. கணக்குப் பார்த்தேன். சில வாரங்களில் ஒருவர் வந்து கன்றைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். எங்கே கொண்டு செல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று அஞ்சியே கேட்கவில்லை.

மூன்று இரவுகள் அந்தப் பசு கதறிக்கொண்டிருந்தது. என் அறை கொட்டிலுக்கு எதிரே இருந்தது. ஜபத்தில் மனம் நிலைக்கவில்லை. எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு ஜபத்தைத் தொடர்ந்தேன்.

நான்காம் நாள் காலை, பால் கறக்கும் பெரியவர் பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாலு காம்புல ஒரு காம்பு கன்னுக்குன்னு விடணும்னு எங்கப்பா சொல்லுவாரு, சாமி. இப்ப யாருக்கு விடுறது?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சிறுமி மாமல்லபுரத்தில் கேட்டதும் அதே கேள்விதான். நான் சிரித்துக்கொண்டு அடுத்த சிற்பத்துக்குப் போனது, சன்னலை இரண்டாம் முறை சாத்தியதுதான்.

துணியிலும் சுவரிலும்

அந்தக் கேள்விக்குப் பிறகு, இறைவனையும் மாட்டையும் சேர்த்துக் காட்டும் நம் நாட்டு ஓவியங்களை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

ராஜஸ்தானில் உள்ள நாத்துவாராவில் ஸ்ரீநாதராக எழுந்தருளியிருப்பவரும் மாமல்லபுரத்துக் கண்ணனைப் போலக் கோவர்த்தனத்தைத் தாங்கி நிற்பவரே. இடக்கையை உயர்த்தி நிற்கும் ஏழு வயதுச் சிறுவனாக அவரை வழிபடுகிறார்கள். விரஜ பூமியிலிருந்து புறப்பட்ட அத்திருமேனி 1672-இல் அங்கு வந்து சேர்ந்தது. சந்நிதியில் அவருக்குப் பின்னால் தொங்கவிடும் ஓவியத் திரைச்சீலைக்குப் பிச்வாய் என்று பெயர். பருவத்துக்கும் பண்டிகைக்கும் ஏற்ப அது மாறும். கார்த்திகை மாத வளர்பிறை அஷ்டமியில் வரும் கோபாஷ்டமிக்கு உரிய பிச்வாயில் பசுக்களும் கன்றுகளும் நிறைந்திருக்கும். அவை தலையை நிமிர்த்தி இறைவனை நோக்கும். அந்தப் பசுக்களின் உடலில் செந்நிறக் கைத்தடங்களை வரைந்திருப்பார்கள். விழா நாளில் பசுவை அலங்கரிப்பவர்கள் உள்ளங்கையில் வண்ணம் தோய்த்து அதன் முதுகில் பதிக்கும் வழக்கம் அது.

அந்தக் கைத்தடத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: கறக்கும் கையும் அலங்கரிக்கும் கையும் ஒன்றே. எந்தக் கை அதனிடமிருந்து எடுத்துக்கொண்டதோ, அந்தக் கை தன் அடையாளத்தை மறைக்காமல் அதன் மேலேயே பதித்து வைக்கிறது. கடன் வாங்கியவன் பத்திரத்தில் கைந்நாட்டு வைப்பதில்லையா? அதுபோல.

வடநாட்டில் தீபாவளியை அடுத்துக் கோவர்த்தன பூஜை நடக்கும் அதே நாட்களில், ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிக் கிராமங்களில் சோஹ்ராய் விழா வருகிறது. அது மாடுகளுக்கான விழா. அவற்றைக் குளிப்பாட்டி, கொம்புகளுக்கு எண்ணெய் பூசிக் கொண்டாடுகிறார்கள். மழையில் கரைந்த மண் சுவர்களைப் பெண்கள் பூசிச் சீர்செய்து, அவற்றின்மேல் மாடுகளையும் மற்ற விலங்குகளையும் செடிகொடிகளையும் வரைகிறார்கள். செம்மண்ணும் கரிய மண்ணும் வெள்ளை மண்ணும்தான் வண்ணங்கள். மென்ற பல்குச்சியும் துணிக்கந்தையும்தான் தூரிகைகள். இந்தக் கலை 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. அடுத்த மழையில் ஓவியங்கள் மங்கிப்போகும். அடுத்த ஆண்டு அவர்கள் மீண்டும் வரைவார்கள். நன்றி என்பதும் அப்படித்தான். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதாது. ஆண்டுதோறும் அது புதிதாக எழுதப்பட வேண்டும்.

நசிகேதன் கண்ட மந்தை

கலைஞன் கண்டு வரைந்ததை ஒரு சிறுவன் கண்டு கேள்வியாக்கினான். கடோபநிடதத்தை நாம் மரணத்தின் ரகசியத்தைக் கூறும் நூலாகவே போற்றுகிறோம். அது எங்கே தொடங்குகிறது என்பதை மறந்துவிடுகிறோம். உடைமைகள் அனைத்தையும் தானமாக வழங்கும் வேள்வி செய்கிறார் வாஜசிரவஸ். தட்சிணையாக மாடுகள் ஓட்டிச் செல்லப்படுகின்றன. அவருடைய மகன் நசிகேதன் அவற்றைப் பார்க்கிறான். மேயவும் வலுவின்றித் தளர்ந்தவை; பால் வற்றியவை; இனி ஈனமாட்டாதவை. பயன் தீர்ந்தபின் கழித்துவிடுவதற்குத் தானம் என்ற பெயரா? அந்தக் கணத்தில் அந்தச் சிறுவனின் உள்ளத்தில் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிடதம். "தந்தையே, என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விதான் அவனை எமனின் வாசலுக்கும், பிறகு ஆத்ம ஞானத்துக்கும் அழைத்துச் சென்றது.

வேள்விக்கு வந்திருந்த பெரியோர் அனைவரின் கண்முன்னும்தான் அந்த மந்தை சென்றது. அதைக் கண்டு கலங்கியவன் நசிகேதன் ஒருவனே. பார்வை எல்லோருக்கும் உண்டு. தரிசனம் சிலருக்கே வாய்க்கிறது. ஞானத்தின் முதல் படி, கண்ணெதிரே நிற்பதைக் கண் மூடாமல் காண்பது.

நம் காலத்து மந்தையையும் காண்போம். 2019-இல் நடந்த கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பசுவினம் 19.25 கோடி. அவற்றுள் பெண் இனம் 14.51 கோடி. பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம்தான் என்றால், மற்றவை எங்கே? டிராக்டர் வந்தபின் காளைக்கு வேலை குறைந்தது; வேலை இல்லாததற்கு வீட்டில் இடமும் குறைந்தது. உரிமையாளர் இன்றித் தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் என்றும் அதே கணக்கெடுப்பு கூறியது. இந்தியா உலகிலேயே அதிகப் பால் உற்பத்தி செய்யும் நாடு என்பதில் நாம் பெருமைப்படுகிறோம். லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது என்பதும் உண்மை. அந்தப் பெருமையின் மறுபக்கம்தான் இந்த மந்தை. இரண்டையும் ஒருசேரக் காண்பதற்கு நமக்கு நசிகேதனின் கண் வேண்டும்.

எருமையையும் இங்கே நினைக்க வேண்டும். நம் நாட்டுப் பாலில் கணிசமான பங்கு அதனுடையது. ஆனால் சிற்பத்தில் அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் அசுரனின் தலைதான். மாமல்லபுரத்தின் குன்றிலேயே மகிஷாசுரமர்த்தினி குகையில் அதைக் காணலாம். அது அகந்தையின் குறியீடு என்று அறிவோம். என்றாலும் நமக்குப் பாலூட்டும் அந்தக் கரிய தாயை நன்றியோடு நோக்க மறந்துவிட்டோம். நீலகிரியில் தோடர்கள் மறக்கவில்லை. அவர்களுடைய எருமைகளின் பால் கடையும் குடிலே அவர்களுக்குக் கோயில்.

கலைஞர் ஒருவர் கொண்டுவந்த சட்டம்

'கலை அழகைக் காட்டலாம். அதனால் ஒரு மாட்டின் துன்பம் தீருமா?' என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1936-இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். கலைக்காக அவர் அங்கு பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ பிராணிகளை வதைப்பதைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்த முயற்சியின் பலனாக, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பால் பெருகுவதற்காகக் கறவை மாட்டுக்கு அதன் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவதையும், அத்தகைய பிற கொடிய முறைகளையும் அது குற்றமாக்கியது. 1962-இல் அமைந்த இந்தியப் பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

மேடையில் ஓர் உயிரின் துயரை அபிநயத்தில் காட்டுபவர், முதலில் அந்தத் துயரைத் தம் உள்ளத்தில் உணர வேண்டும். அந்தப் பழக்கம் அவரைச் சட்டம் வரை அழைத்துச் சென்றது. கலையின் பயன் அதுவே. அது பிறர் வலியைக் காணும் கண்ணைத் தருகிறது. கண்ட பிறகு கையை நீட்டுவது நம் கடமை.

நாலில் ஒரு காம்பு

நாம் என்ன செய்யலாம்? எல்லோரும் பாலை விட்டுவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அவ்வாறு விட்டவர்களை வணங்குகிறேன். அருந்துகிறவர்கள் கன்றின் பங்கை நினைக்க வேண்டும்.

கோதானம் செய்ய விரும்புபவர் மாட்டை மட்டும் கொடுத்துவிட்டு வரவேண்டாம். வைத்துக் காக்க இடமும் ஆளும் அங்கு உண்டா என்று பார்த்து, அதன் ஆயுள்வரை தீவனத்துக்கும் வழி செய்யுங்கள். இல்லையேல் வாஜசிரவஸ் செய்த தானத்தையே நாமும் செய்தவர்களாவோம். பசு வளர்க்கும் ஏழை விவசாயி பால் வற்றிய மாட்டை விற்றால் அவரைக் குறை கூறுவது எளிது. அந்த மாட்டின் வைக்கோல் செலவில் ஒரு பங்கை நாம் ஏற்பது கடினம். கடினமானதைச் செய்யுங்கள். ஊரிலுள்ள கோசாலைக்கு மாதம் ஒருமுறை குழந்தைகளோடு செல்லுங்கள். கறவை நின்ற மாடுகள் கட்டியிருக்கும் பக்கத்துக்கு முதலில் செல்லுங்கள். அபிஷேகத்துக்குக் குடம் குடமாகப் பால் வேண்டும் என்பதில்லை. சிறு கிண்ணத்துப் பாலும் அன்போடு அளித்தால் ஆண்டவனுக்கு நிறைவே.

இதை என் அனுபவத்திலேயே சொல்கிறேன். மாமல்லபுரத்திலிருந்து திரும்பியபின், அப்போது நான் இருந்த ஆசிரமத்தில் ஒரு முடிவு எடுத்தோம். காளங்கன்றை வெளியே கொடுப்பதில்லை. அதற்கேற்பக் கறவைப் பசுக்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம். ஒரு காம்பை கன்றுக்கு விட்டோம். பால் குறைந்தது. அபிஷேகக் குடம் கிண்ணமாயிற்று. விழா நாள் பாயசம் சிறிய தொன்னைக்கு மாறியது. சில அன்பர்கள் வருத்தப்பட்டார்கள். காரணத்தை விளக்கினேன். சிலர் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை. ஆனால் இரவில் கொட்டிலின் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஜபம் செய்ய முடிந்தது. முன்பு கொடுத்துவிட்ட அந்தக் கன்றை மீட்கும் வழி எனக்கு இல்லை. அந்தக் கணக்கு இறைவனிடம் இருக்கிறது.

எல்லா உயிர்களிலும் ஒரே ஆத்மாவைக் காண்பவனே ஞானி என்று கீதை கூறுகிறது. அப்படிக் காண வேண்டிய உயிர்களுள் பசுவையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த உயர்ந்த நிலை நமக்கு எப்போது வாய்க்குமோ அறியோம். ஒரு தாயின் அருகே அதன் கன்றுக்கு இடம் விடுவது இன்றே செய்யக்கூடியது. உளியும் சுத்தியலும் பிடித்த ஒருவன் கருங்கல்லிலேயே அந்த இடத்தை விட்டிருக்கிறான்.

நீங்கள் மாமல்லபுரம் சென்றால், கண்ணனை வணங்கியபின் பால் கறப்பவனிடமும் வாருங்கள். அந்தத் தாயின் நாக்கையும் கன்றையும் பாருங்கள். உங்களோடு வந்த குழந்தை அதே கேள்வியைக் கேட்கக்கூடும். அந்தச் சிறுமியை மறுபடி காணும் பேறு எனக்குக் கிடைத்தால், இம்முறை சிரிக்க மாட்டேன். "நாம் விட்டால் இருக்கும், அம்மா" என்று சொல்வேன்.